குடியை விட்ட பிறகு மூளைக்குப் பயிற்சி: எது உதவும், எது வெறும் விளையாட்டு?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் குடியை நிறுத்தி 4 மாதம் ஆகிறது. சிகிச்சை மையத்தில் வாரம் 3 நாள் ‘மூளைப் பயிற்சி’ என்று கணினி முன்னால் உட்கார வைக்கிறார்கள். வீட்டில் விளையாட மொபைலில் ஒரு செயலியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் மாத்திரை போட மறக்கிறார், சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, ஆரம்பித்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நிற்கிறார். இந்தப் பயிற்சியால் உண்மையில் பயன் உண்டா, இல்லை கண்துடைப்பா என்று தங்கை கேட்டிருக்கிறார்.

இரண்டும் உண்டு. ‘மூளைப் பயிற்சி’ என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது 3 வேறு வேறு சமாச்சாரங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, நினைவையும் கவனத்தையும் பொதுவாகக் கூட்டித் தருவதாகச் சொல்வது. அதன் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இன்னொன்று, போதைப்பொருளைக் கண்டதும் கை தானாக நீளுகிறதே, அந்தப் பழக்கத்தையே குறிவைப்பது. மது விஷயத்தில் அதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. மூன்றாவது, அன்றாட வேலையைத் திட்டமிட்டு முடிக்கக் கற்றுத்தருவது. அதில் நடந்த ஆய்வுகள் சின்னவை, ஆனால் உங்கள் அண்ணனின் சிக்கலுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான். போதை மீட்புச் சிகிச்சையில் உளவியலாளராகப் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில், எதை எங்கே வைக்க வேண்டும் என்று விளக்குகிறேன். கொஞ்சம் நீளும்.

பயிற்சிக்கு முன்னால் மறதியைப் பற்றிப் பேச வேண்டும்.

குடும்பத்தினர் என்னிடம் வந்து சொல்லும் புகார்களில் பாதி இந்த மாதிரிதான் இருக்கும்: “நேற்று சரி சரி என்று தலையாட்டினார், இன்று கேட்டால் நீ சொல்லவே இல்லை என்கிறார். மறுபடியும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.” குடித்த காலத்தில் நிறையப் பொய் சொன்னவர் என்பதால் வீட்டில் அப்படித்தான் தோன்றும், அதில் தப்பில்லை. ஆனால் குடியை விட்ட முதல் சில மாதங்களில் உண்மையிலேயே மறதி இருக்கும். சொன்னது காதில் விழுந்திருக்கும், புரிந்தும் இருக்கும், மனதில் தங்கியிருக்காது. இது அலட்சியமோ திமிரோ இல்லை. சிகிச்சை மையங்களிலும் இதே தப்பு நடக்கிறது. அடுத்த சந்திப்பை மறந்தவரை “ஈடுபாடு இல்லாதவர்” என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். போதைச் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் யார் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2013இல் வந்தது. அதில் திரும்பத் திரும்பத் தென்பட்ட காரணங்களில் ஒன்று, நினைவும் கவனமும் திட்டமிடும் திறனும் குறைந்திருப்பது. அதாவது மூளை களைத்திருப்பவருக்குத்தான் சிகிச்சை மிகவும் தேவை. அவர்தான் முதலில் கழன்றும் போகிறார்.

ஏன் இப்படி? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்மடல்தான் ‘இப்போது வேண்டாம், பொறு’ என்று சொல்லும் இடம். ஒரு வேலையைச் செய்யும்போது அடுத்தது என்ன என்று மனதில் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். நீண்ட காலம் அதிகமாகக் குடிப்பவர்களுக்கு அந்தப் பகுதியும், அதை மற்ற பகுதிகளோடு இணைக்கும் நரம்புப் பாதைகளும் அடி வாங்குகின்றன. இன்னொரு பக்கம், பரிசையும் இன்பத்தையும் கணிக்கும் டோபமின் (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள்) பாதைகள் போதைப்பொருளுக்குப் பழகிப்போய் அதன் அடையாளங்களைக் கண்டதுமே விழித்துக்கொள்கின்றன. தடுப்புக் கருவி தேய்ந்திருக்கிறது, முடுக்கி அழுந்தியே கிடக்கிறது. வண்டியை ஓட்டுபவரை மட்டும் திட்டி என்ன பயன்?

நல்ல செய்தி, இதில் பெரும்பகுதி மீளக்கூடியது. எவ்வளவு வேகமாக என்பது பொருளுக்குப் பொருள் மாறும். மது பற்றி 62 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான பகுப்பாய்வின்படி, முதல் வருடம் முழுக்க நினைவு, கவனம், திட்டமிடல், வேகம் என்று பல திறன்களிலும் மிதமான குறைபாடு தென்படுகிறது. ஒரு வருடத்துக்குப் பின் அது சின்னதாகச் சுருங்குகிறது. கஞ்சாவில் நிலைமை மேல். பெரியவர்களிடம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் சோதனைகளில் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மெத்தாம்ஃபெட்டமின் என்ற ஊக்கி வகைப் போதைப்பொருளில் மீட்சி மெதுவானது. 2001இல் நோரா வோல்கோவ் குழுவினர் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, 12 முதல் 17 மாதம் வரை விலகி இருந்தவர்களிடம் டோபமின் கடத்திகள் (டோபமினைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும் புரதங்கள்) கணிசமாகத் திரும்பியிருந்தன. ஆனால் நினைவுச் சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் இல்லை. மருத்துவப் படம் ஒரு கதை சொல்லும், அன்றாட வாழ்க்கை இன்னொன்று சொல்லும். ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதையில் வேறொரு சிக்கல் உண்டு. அளவு மீறி மூச்சு அடங்கி, மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த சம்பவம் ஒன்றிரண்டு நடந்திருந்தால் அதன் சேதம் தனியாகக் கிடக்கும்.

ஆக, 4 மாதத்தில் உங்கள் அண்ணன் இப்படி இருப்பது எதிர்பார்க்கக்கூடிய ஒன்றுதான். இதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடவும் வேண்டாம். ஏனென்றால் மறதிக்குக் காரணம் குடி மட்டும் என்று வைத்துக்கொண்டு, எளிதில் சரிசெய்யக்கூடிய வேறு காரணங்களைத் தவறவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காரணங்களில் முதலில் வருவது தயமின், அதாவது பி1 வைட்டமின். நீண்ட நாள் குடித்தவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதிலிருந்து குடல் தயமினை உறிஞ்சுவதும் குறைகிறது. அது தீவிரமாகக் குறையும்போது குழப்பம், கண்களின் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம் வரும். 1881இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோய் அது. உடனே ஊசி வழியாகத் தயமின் கொடுக்க வேண்டிய அவசர நிலை. கவனிக்காமல் விட்டால் கோர்சகாஃப் எனப்படும் நிரந்தர மறதிக்குக் கொண்டுபோகலாம். அப்புறம் எந்தக் கணினிப் பயிற்சியும் பழைய நினைவாற்றலைத் திருப்பித் தராது. குழப்பம், கண், நடை மூன்றும் சேர்ந்து வந்தால்தான் அந்த நோய் என்று இல்லை. பலருக்கு ஒன்றோ இரண்டோதான் தெரியும். உங்கள் அண்ணனிடம் அப்படி எதுவும் கண்ணில் பட்டால் இந்தப் பதிலை முழுக்கப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தது மாத்திரைச் சீட்டு. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகள் நினைவை மந்தமாக்கும். குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்காகச் சில நாள் கொடுத்தது, யாரும் நிறுத்தாமல் மாதக்கணக்கில் தொடர்ந்துகொண்டிருக்கும். (நிறுத்தவும் மருத்துவர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம்.) கல்லீரல் மோசமாக இருந்தாலும் மூளை மந்தமாகும். குடித்த காலத்தில் விழுந்து தலையில் அடிபட்டது உண்டா, மனச்சோர்வு இருக்கிறதா, இரவில் தூங்குகிறாரா என்றும் பார்க்க வேண்டும். தூக்கமில்லாத ஒருவருக்குச் செய்யும் நினைவுப் பயிற்சி ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் எந்தத் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பது. மாண்ட்ரியலில் சியாட் நஸ்ரெடின் உருவாக்கி 2005இல் வெளியான ‘மோகா’ என்ற சோதனையைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். 30 மதிப்பெண், சுமார் 10 நிமிடம். 26க்குக் கீழே போனால் மேற்கொண்டு விரிவாகப் பார்க்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை. 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பார்கள். இது ஒரு சல்லடை மாதிரிதான், இதை வைத்தே நோய் இன்னதென்று சொல்லிவிட முடியாது. நிறுத்திய முதல் வாரத்தில், உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும்போது இந்தச் சோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. சில வாரம் கழித்துச் செய்தால்தான் அர்த்தம் உண்டு.

இனி பயிற்சிகளுக்கு வருகிறேன்.

உங்கள் அண்ணன் மொபைலில் விளையாடுவது, நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால், முதல் வகை: எண்களைப் பின்னோக்கிச் சொல்வது, கட்டங்கள் மின்னிய வரிசையை நினைவு வைத்துத் தொடுவது போன்றவை. இவை குறிவைப்பது ‘செயல் நினைவு’ என்ற திறனை, அதாவது ஒரு தகவலைச் சில விநாடி மனதில் வைத்துக்கொண்டே அதைக் கையாளும் திறனை. இதற்குப் பின்னால் ஒரு நியாயமான யோசனை இருக்கிறது. ‘இன்று ஒரு நாள்தானே’ என்ற உந்துதல் வரும்போது, ‘நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், குழந்தையிடம் சொன்னேன்’ என்ற நினைப்பையும் மனதில் பிடித்து வைத்திருக்க முடிந்தால்தான் இரண்டையும் எடைபோட முடியும். பிடித்து வைக்கும் திறன் கூடினால் தடுக்கும் திறனும் கூட வேண்டும், இல்லையா?

ஆரம்ப ஆய்வுகள் ஆசை காட்டின. 2011இல் வாரன் பிக்கெல் குழுவினர், கோக்கைன் போன்ற ஊக்கிகளுக்குச் சிகிச்சையில் இருந்த 27 பேரிடம் இந்தப் பயிற்சியைச் செய்து பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் ‘இன்று கிடைக்கும் சின்னப் பணமா, பல நாள் கழித்துக் கிடைக்கும் பெரிய பணமா’ என்ற கேள்விக்கு முன்னைவிடப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அதே வருடம் காட்ரைன் ஹூபன் குழுவினர் 48 பேருக்கு 25 அமர்வுகள் கொடுத்தபோது அவர்கள் குடிக்கும் அளவு குறைந்தது, குறிப்பாக மதுவின் மேல் தானியங்கி ஈர்ப்பு வலுவாக இருந்தவர்களிடம். ஆனால் பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் அந்த உற்சாகத்தைக் குறைத்துவிட்டன. 2018இல் நெதர்லாந்தில், சிகிச்சையில் இருந்த நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்க முறையான இன்னொரு குழுவோடு ஒரு சோதனை வெளியானது. பயிற்சி செய்த பணியில் முன்னேறினார்கள். போதைப்பொருள் பயன்பாட்டிலும் ஏக்கத்திலும் அந்த முன்னேற்றம் தெரியவில்லை.

போதை மீட்பில் மட்டும் நடக்கும் கதை இல்லை இது. 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்வின் முதல் முடிவுகள் 2002இல் வந்தன. நினைவுப் பயிற்சி பெற்றவர்கள் நினைவிலும், வேகப் பயிற்சி பெற்றவர்கள் வேகத்திலும் முன்னேறினார்கள். ஒன்றில் பெற்றது மற்றொன்றுக்குத் தாவவில்லை. தச்சு வேலை பழகினால் தச்சு வரும், தையல் வராது. மூளைப் பயிற்சி விளையாட்டு விற்கும் லூமோசிட்டி நிறுவனம், அன்றாட வாழ்க்கையிலும் வேலையிலும் திறன் கூடும் என்றும் முதுமை மறதி தள்ளிப்போகும் என்றும் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. 2016இல் 20 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை நிறுவனம் தீர்த்துக்கொண்டது.

எனவே மதிப்பெண் ஏறுவதும் மாத்திரை மறப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. அண்ணன் அந்த விளையாட்டில் தேறிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். விளையாட வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். சாயங்காலம் 6 மணி என்பது பலருக்கு ஆபத்தான நேரம். அந்த நேரத்தில் கையில் ஏதோ ஒன்று இருப்பதும், ‘நேற்றைவிட இன்று நன்றாகச் செய்தேன்’ என்று தோன்றுவதும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதைச் சிகிச்சை என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது வகைதான் எனக்குச் சுவாரசியமானது. இதில் நினைவு, கவனம் என்று பொதுவாக எதையும் கூட்டுவதில்லை. ஒரே ஒரு பழக்கத்தைக் குறிவைக்கிறார்கள். பல வருடம் குடித்தவருக்கு மதுப் புட்டியைப் பார்த்ததும், யோசிப்பதற்கு முன்பே, அதை நோக்கிப் போகும் ஒரு இழுப்பு வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு வேகமானது, ஆனால் அளக்க முடியும். ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்து, திரையில் வரும் படம் நெட்டையாக இருந்தால் தள்ளு, குட்டையாக இருந்தால் இழு என்று சொல்வார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்பது விதியிலேயே வராது. இழுத்தால் படம் பெரிதாகிக் கிட்டே வரும், தள்ளினால் சுருங்கி விலகும். குடித்துப் பழகியவர்களுக்கு மதுப் படத்தை இழுப்பது வேகமாக வரும், தள்ளுவது சில மில்லி விநாடி தாமதமாகும்.

அந்த இழுப்பைப் பயிற்சியால் திருப்ப முடியுமா? ராய்னவுட் வியர்ஸ், மைக் ரிங்க் முதலானவர்கள் ஜெர்மனியில் உள்நோயாளிகளாக இருந்த 214 பேரிடம் முயன்றார்கள். பயிற்சிக் குழுவுக்கு மதுப் படங்களெல்லாம் தள்ள வேண்டிய வடிவத்திலேயே வரும்படி வைத்தார்கள். ஒவ்வொன்றும் 15 நிமிடம், மொத்தம் 4 அமர்வு. வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 46 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 59 சதவீதம் பேரும் மீண்டும் குடியில் விழுந்திருந்தார்கள். இந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு மணி நேரப் படம் தள்ளலுக்கு இவ்வளவா என்று அப்போது நானும் நம்பவில்லை. ஆனால் 2013இல் 509 பேரை வைத்து, 12 அமர்வுகளோடு செய்தபோதும் பயன் தெரிந்தது. வயதானவர்களுக்கும், ஆரம்பத்தில் இழுப்பு வலுவாக இருந்தவர்களுக்கும் அதிகம் உதவியது.

மூன்றாவதாக மெல்பர்னில் விக்டோரியா மானிங் குழுவினர் செய்த சோதனை, 2021இல் வெளியானது. இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் தேர்ந்தெடுத்த நேரம். குடியை நிறுத்தி, உடம்பிலிருந்து அது இறங்கிக்கொண்டிருக்கும் அந்த முதல் வாரத்திலேயே, மருத்துவமனையில் வைத்தே 4 அமர்வு. 300 பேர். வீடு திரும்பிய பின் 2 வாரம் குடிக்காமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 54.4 சதவீதம், மற்றதில் 42.5 சதவீதம். மீண்டும் குடியில் விழுகிறவர்களில் பலர் வீடு திரும்பிய அந்த முதல் சில நாட்களில்தான் விழுகிறார்கள் என்பது இந்தத் துறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் 12 சதவீதப் புள்ளி என்பது கணிசமான உதவி.

இதையும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். பயிற்சி பெற்ற குழுவிலும் 46 சதவீதம் பேர் மீண்டும் குடித்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் செய்யும் பயிற்சிகளை ஆராய்ந்தபோது, உண்மையான பயிற்சி பெற்றவர்களும் ஒப்பீட்டுக்காகக் கொடுத்த போலிப் பயிற்சி பெற்றவர்களும் ஒரே மாதிரி குடியைக் குறைத்திருந்தார்கள். குடியை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து, சிகிச்சையில் இருந்து, அதோடு சேர்த்துச் செய்யும்போதுதான் இது எடுபடுகிறது என்பது என் புரிதல். இன்னும் குடித்துக்கொண்டே, ‘பார்க்கலாமே’ என்று செய்பவருக்கு எடுபடுவதில்லை. மது அளவுக்கு மற்ற போதைப்பொருள்களில் ஆதாரமும் இல்லை. இன்னொரு எச்சரிக்கை: இதில் மதுப் படங்களையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும், சிலருக்கு ஏக்கம் கிளம்பும். முதல் சில அமர்வுகளாவது பக்கத்தில் யாராவது இருக்கும்போது, பார்த்துப் பேச நேரம் வைத்துச் செய்ய வேண்டும். ராத்திரி தனியாக, மொபைலில் வேண்டாம்.

இதன் உறவினர்கள் என்று சொல்லத்தக்க 2 பயிற்சிகள் உண்டு. மதுப் படத்திலிருந்து பார்வையைத் திருப்பப் பழக்குவது ஒன்று. மதுப் படம் வந்தால் பொத்தானை அழுத்தாமல் கையை அடக்கப் பழக்குவது இன்னொன்று. முடிவுகள் அங்குமிங்குமாக இருக்கின்றன. மையத்தில் இவற்றைச் சேர்த்துச் செய்தால் செய்யட்டும், இதற்காக இடம் மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது வகைக்கு ‘இலக்கு மேலாண்மைப் பயிற்சி’ என்று பெயர். இயன் ராபர்ட்சன், பிரையன் லெவின் போன்றவர்கள் முதலில் இதைத் தலையில் அடிபட்டவர்களுக்காக வளர்த்தெடுத்தார்கள். அதன் மையத்தில் இருக்கும் கருத்தை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். மருந்து வாங்கக் கிளம்புகிறார். வழியில் போன் வருகிறது, பேசிக்கொண்டே நடக்கிறார், பழைய நண்பரைப் பார்க்கிறார், அவரோடு திரும்பிவிடுகிறார். இடையில் ‘மருந்து’ என்ற இலக்கு மனதிலிருந்து நழுவிவிட்டது. எதற்குக் கிளம்பினோம் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். நழுவிய அந்த நேரத்தில் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பயிற்சியில் கற்றுத் தருவது இதைத்தான். வேலைக்கு நடுவே ‘நில்’ என்று தனக்குத்தானே சொல்வது. என்ன செய்துகொண்டிருக்கிறேன், எதற்காகக் கிளம்பினேன் என்று கேட்பது. பெரிய வேலையைத் துண்டு துண்டாக உடைத்து எழுதுவது. செய்ததைச் சரிபார்ப்பது.

கேட்டால் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் ஸ்பெயினில் 2011இல், பல போதைப்பொருள்களைப் பயன்படுத்தி மீண்டுவந்தவர்களிடம் இதை மனக்கவனத் தியானத்தோடு சேர்த்து 7 வாரம் செய்தபோது செயல் நினைவு, கையை அடக்குவது, முடிவெடுப்பது மூன்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் நான் இதை விரும்புவதற்குக் காரணம், பயிற்சியும் வாழ்க்கையும் இங்கே வேறு வேறாக இல்லை என்பதே. பழகுவதே மாத்திரை போடுவதையும், மருத்துவரைப் பார்க்கப் போவதையும், வேலை தேடுவதையும் வைத்துத்தான். தாவ வேண்டிய தூரமே கிடையாது.

முடிவெடுப்பது என்று சொன்னதால் ஒரு சின்ன விலகல். 1994இல் அன்டோயின் பெஷாராவும் அன்டோனியோ டமாசியோவும் வெளியிட்ட ஒரு சீட்டு விளையாட்டுச் சோதனை இருக்கிறது. 4 கட்டுச் சீட்டுகள். இரண்டில் பெரிய லாபம் வரும், ஆனால் அவ்வப்போது அதைவிடப் பெரிய நஷ்டம் வந்து மொத்தத்தையும் விழுங்கிவிடும். மற்ற இரண்டில் லாபம் சின்னது, நஷ்டமும் சின்னது, கடைசியில் கையில் காசு நிற்கும். பெரும்பாலானவர்கள் 100 சீட்டு எடுப்பதற்குள் நல்ல கட்டுகளுக்கு மாறிவிடுவார்கள். போதைக்கு அடிமையானவர்களில் பலர் மாறுவதில்லை. எது மோசமான கட்டு என்று வாயால் சொல்லிக்கொண்டே அதையே எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறிவுரை ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. உங்கள் அண்ணனுக்கும் குடி கெடுதல் என்று தெரியும். அதைத் திரும்பச் சொல்வதால் அவர் கை எடுக்கும் கட்டு மாறாது.

அதனால் வீட்டில் என்ன செய்யலாம்? பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரையால் பரவலான ஒரு உத்தி இருக்கிறது: ‘இப்படி நடந்தால், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. ‘இனி குடிக்க மாட்டேன்’ என்பது தீர்மானம். ‘வேலை முடிந்து வெளியே வந்ததும் பழைய கூட்டாளி கூப்பிட்டால், தங்கை காத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு உடனே அவளுக்குப் போன் செய்வேன்’ என்பது திட்டம். களைத்த மூளைக்கு அந்த நேரத்தில் யோசிக்கும் வேலை மிச்சம். இப்படி ஐந்தாறு வாக்கியம் போதும். அண்ணனே தன் வார்த்தையில் எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் திட்டமாகத்தான் இருக்கும்.

மாத்திரைக்கு நாள் வாரியாகப் பிரித்த பெட்டியும் போனில் அலாரமும் வையுங்கள். இதைச் ‘சோம்பேறியாக்குவது’ என்று சிலர் நினைக்கிறார்கள். கால் முறிந்தவருக்கு ஊன்றுகோல் கொடுத்தால் சோம்பேறியாகிறாரா? ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். சொன்னதை அவர் வாயால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், பரீட்சை வைப்பது போல இல்லாமல், “சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன், நான் என்ன சொன்னேன்?” என்கிற மாதிரி. பழி உங்கள் மேல் விழட்டும், பரவாயில்லை. முக்கியமான பேச்சைக் காலையில், தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலும் ஆலோசனை அமர்வை ஒரு மணி நேரத்துக்குப் பதில் அரை மணியாக, வாரம் இரண்டு முறையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பேசியதை ஒரு தாளில் நாலு வரியாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, எந்தக் கணினிப் பயிற்சியையும் விட இந்த 4 வரித் தாள் அதிகம் பேரைச் சிகிச்சையில் தங்கவைத்திருக்கிறது. ஆய்வு முடிவாக இதைச் சொல்லவில்லை, என் அனுபவம் இது.

தினமும் வியர்க்கும் அளவுக்கு நடப்பதையும், ஒரே நேரத்தில் படுத்து எழுவதையும் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அதனால் நான் நீட்டவில்லை. செய்யச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் மருந்துக்கும் ஆலோசனைக்கும் மாற்று ஆகாது. மதுவுக்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் உண்டு. ஓபியாய்டுக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின். இவற்றுக்கான ஆதாரம் மூளைப் பயிற்சிக்கு இருப்பதைவிடப் பல மடங்கு வலுவானது. “மருந்து வேண்டாம், எங்கள் பயிற்சியே போதும்” என்று எந்த மையமாவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஓபியாய்டு விஷயத்தில் அது உயிருக்கே ஆபத்து. மருந்தை நிறுத்திச் சில வாரத்தில் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும், பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும்.

அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது அவர்களிடம் கேட்க வேண்டியவை இவை. கணினியில் அண்ணன் செய்வது எந்த வகை? பொதுவான நினைவு விளையாட்டா, மதுப் படங்களைத் தள்ளும் பயிற்சியா? அவருடைய நினைவும் கவனமும் எப்போது சோதிக்கப்பட்டன, நிறுத்தி எத்தனை வாரம் கழித்து? தயமின் கொடுத்தார்களா, இன்னும் கொடுக்கிறார்களா? இப்போதைய மாத்திரைகளில் எது நினைவை மந்தப்படுத்தும்? பயிற்சி பலன் தருகிறது என்பதை விளையாட்டு மதிப்பெண் தவிர வேறு எதை வைத்துப் பார்க்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு ‘இந்த மாதம் எத்தனை சந்திப்புக்கு வந்தார், எத்தனை நாள் மாத்திரை தவறாமல் போட்டார்’ என்ற மாதிரி பதில் வந்தால் நல்ல கையில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரைபடத்தைத் திருப்பிக் காட்டி, கோடு மேலே போகிறது பாருங்கள் என்று மட்டும் சொன்னால், மாத்திரைப் பெட்டியையும் அந்த ஐந்தாறு வாக்கியங்களையும் வீட்டில் நீங்களே ஆரம்பித்துவிடுங்கள். அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டிய வேலை இல்லை அது.